விரலால் படித்த மேலாளர்

மாவட்ட அலுவலகத்தில் தொலைபேசி இயக்குபவள் மரியபுஷ்பம். பார்வை கிடையாது, காது மட்டும் கட்டிடம் முழுக்கக் கேட்கும். ஒருநாள் மேலாளர் குலசேகரன் அவள் மேசையில் ஒரு தாளைத் தட்டினார்.

"பார்வையில்லாதவங்க உதவித்தொகை வாங்குறவங்க இனி வருஷா வருஷம் புது மருத்துவச் சான்று தரணும்னு விதி வரப்போகுது. 'எங்களுக்குச் சம்மதம்'னு நானே எழுதிட்டேன். வாசல்ல உங்காளுங்க முப்பது பேர் இருக்காங்க. நாலு மணிக்குக் கலெக்டர் வர்றதுக்குள்ள கைநாட்டு வாங்கிடு."

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம எப்படி சார்?"

"நான்தான் படிச்சுட்டேனேம்மா!"

"அவங்க கருத்தை பிரெயில் புள்ளி எழுத்துல அடிச்சா, அவங்களே தடவிப் படிச்சுப்பாங்க சார்."

"அடி, அடி. எப்படியும் சம்மதம்தானே. சீக்கிரம்."

அவள் முப்பது பேரிடமும் கேட்டு, அவர்கள் சொன்னதை அடித்து, கைநாட்டும் வாங்கினாள். தாளை மேலாளரிடம் நீட்டினாள். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்க சார்."

தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் குலசேகரன். புள்ளிகள் மேல் விரலை ஓட்டி, தலையையும் ஆட்டி, 'படித்தேன், சரி' என்று கையெழுத்திட்டு முத்திரையும் குத்தினார்.

கலெக்டர் வந்ததும் அவளையே வாசிக்கச் சொன்னார்.

"'இந்த விதி வேண்டாம். மூன்று பஸ் மாறிப்போய் வருஷா வருஷம் சான்று வாங்க எங்களால் முடியாது. பார்வை திரும்பினால் நாங்களே முதலில் ஓடிவந்து சொல்கிறோம்.'"

கலெக்டர் நிமிர்ந்தார். "குலசேகரன், படிச்சுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

இல்லை என்றால் கையெழுத்தே பொய்யாகிவிடும். "படிச்சேன் சார்," என்றார் ஈனசுரத்தில்.

"அப்ப இதையே அரசுக்கு அனுப்புங்க."

கலெக்டர் போனதும் மரியபுஷ்பம் மெதுவாகச் சொன்னாள்: "இதைக் கத்துக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு சார். உங்களுக்கு அரை நிமிஷம்கூட ஆகலையே!"