பிளான் போடாத கடிகாரம்

உறையூர்ப் பொற்கொடி டீச்சரின் இடது மணிக்கட்டில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் இருக்கிறது. செல்லுலார் மாடல். பக்கத்தில் போன் இல்லாவிட்டாலும் அதற்கு அழைப்பு வரும். அதற்கென்று தனியாக ஒரு டேட்டா பிளான் போட வேண்டும், அவ்வளவுதான். பொற்கொடி போடவில்லை.

பிளான் போடாமல் எதற்கு அந்த மாடல், சாதா வாட்ச்சே போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. "நீச்சல் மிஸ்ஸைக் கேளுங்க" என்பாள். நீச்சல் மிஸ் ரெஜினாவிடம் போனால், "டீச்சரையே கேளுங்க" என்பாள்.

நடந்தது இது.

பொற்கொடிக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவள். வாங்க வைத்தது ஒரு புதன்கிழமை. அன்று அவள் வகுப்பில் இருந்தாள். போன் ஆசிரியர் அறையில், கைப்பைக்குள், சத்தம் அடைத்துக் கிடந்தது. வீட்டில் அவள் கணவர் தெய்வசிகாமணி பக்கவாதம் தாக்கிக் கூடத்தில் விழுந்தார். விழுந்த இடத்திலிருந்து இடது கையால் அவளை ஒன்பது முறை அழைத்தார். மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்த பிறகுதான் அவள் பார்த்தாள்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை. இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாதி வாக்கியம் அவளோடு வீட்டுக்கு வந்தது.

அன்று முதல் போன் அவளை விட்டு இறங்கவில்லை. சமைக்கும்போது அரிசி டப்பாவின் மேல். குளிக்கும்போது ஜன்னல் விளிம்பில். தூங்கும்போது தலையணைக்கு அடியில். இரண்டு வருடத்தில் தெய்வசிகாமணி கைத்தடியோடு தெருமுனை வரை தனியாக நடக்கத் தொடங்கிவிட்டார். அவள் போனை இறக்கவில்லை.

பிறகு முழங்கால் வலி வந்தது. நடக்காதீர்கள், நீந்துங்கள் என்றார்கள்.

நீச்சல்குளத்தில் காலை ஆறிலிருந்து ஏழு வரை பெண்களுக்கான நேரம். சொல்லித்தருபவள் ரெஜினா. முப்பது வயது இருக்கலாம். அதிகம் பேச மாட்டாள். சிறு பிள்ளைகளிலிருந்து எழுபது வயதுப் பெண்கள் வரை எல்லோரும் அவளை மிஸ் என்றுதான் அழைத்தார்கள். பொற்கொடியும் அப்படியே அழைத்தாள்.

குளத்தங்கரையில் போன் கூடாது. ரெஜினா போட்டிருந்த ஒரே விதி அது. பொற்கொடியின் கதையைக் கேட்ட பிறகு, அவள் கைப்பைக்கு மட்டும் கரையோர பெஞ்சில் இடம் கொடுத்தாள்.

பத்து நாளாகியும் பொற்கொடிக்கு மிதக்க வரவில்லை. கால் மேலே வரும். முதுகு சாயும். தலை மட்டும் சாயாது. கழுத்து விறைத்து நிற்கும். உடனே இடுப்பு கீழே போய்விடும்.

"மிதக்கறதுக்கு என்ன செய்யணும் மிஸ்?"

"ஒண்ணும் செய்யக் கூடாது."

"நான் ஒண்ணும் செய்யலையே."

"செய்றீங்க. கேட்டுக்கிட்டே இருக்கீங்க."

பொற்கொடி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். மல்லாந்து மிதப்பவருக்குக் காது இரண்டும் தண்ணீருக்குள் போய்விடும். போய்விட்டால் கரையில் எது அடித்தாலும் கேட்காது. அவள் உடம்பு முழுவதையும் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுக் காதை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தாள்.

போனை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்று மிஸ் சொல்லப்போகிறாள் என்று நினைத்தாள். சொன்னால் நாளையிலிருந்து வருவதில்லை என்றும் முடிவு செய்தாள்.

"தண்ணியில கெடாத வாட்ச் இருக்கு," என்றாள் ரெஜினா. "போன் வந்தா கையில துடிக்கும். காது வேண்டாம்."

"வாங்கட்டுமா?"

"வாங்குங்க."

அன்று மாலையே போய் வாங்கினாள். கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, போன் பக்கத்தில் இருந்தால்தான் வேலை செய்யும். இன்னொன்றுக்குள் தனி இணைப்பே உண்டு. கை முழுக்க முங்கினால் சிக்னல் கொஞ்சம் தடுமாறும், மேலே வந்ததும் பிடித்துக்கொள்ளும் என்றார். அவள் இரண்டாவதை எடுத்தாள். பிளானுக்கு அவரே அவள் போனிலிருந்து விண்ணப்பித்துக் கொடுத்தார். உறுதிசெய்யச் சொல்லி ஒரு மெசேஜ் வரும், அதைத் தட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் தன்னை அழைக்கச் சொன்னாள். மணிக்கட்டு துடித்தது. இன்னொரு முறை அழைக்கச் சொன்னாள். மறுபடி துடித்தது. மூன்றாம் முறை அவள் கேட்டபோது தெய்வசிகாமணி, போதும், நான் இங்கேதான் இருக்கிறேன் என்றார்.

மறுநாள் காலை, இரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் போனை பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டால் பொற்கொடிக்குத் தன் கைரேகையே தெரியாது. கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். ரெஜினா கரையிலிருந்து குனிந்து அவள் இடது கையைப் பிடித்து நீட்டினாள். கடிகாரத்தின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள்.

"சாய்ங்க," என்றாள்.

பொற்கொடி சாய்ந்தாள். காது உள்ளே போனது. உலகம் முழுவதும் சத்தம் நின்றது. தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது. மேலே வானம் வெளுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கிளிகள் குறுக்கே போயின. அவை போன பிறகுதான், யாரும் தன்னைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது.

பிறகு ஏழு வாரம் நல்ல வாரங்கள். மிதந்தவள் கை வீசக் கற்றாள். குளத்தின் அகலத்தை ஒரே மூச்சில் கடந்தாள். முழங்கால் படியேறும்போது முனகுவதை நிறுத்தியது. ஈரத் தலையோடு பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது பசித்தது. வீட்டுக்கு வந்து நான்கு இட்லி சாப்பிட்டாள். முன்பெல்லாம் இரண்டுதான்.

ஏழாம் வாரம் முடியும்போது ஒரு நாள் குளத்திலிருந்து வந்து பிரிட்ஜ் மேலிருந்த போனை எடுத்தாள். புதுக்கோட்டைத் தங்கை செங்கமலம் ஆறு நாற்பதுக்கு அழைத்திருந்தாள். ஆறு நாற்பதுக்குப் பொற்கொடி தண்ணீரில் இருந்தாள். கையில் எதுவும் துடிக்கவில்லை.

தங்கையைத் திரும்ப அழைத்தாள். மகளின் வளைகாப்புக்குத் தேதி குறித்ததைச் சொல்லத்தான் கூப்பிட்டாளாம். பொற்கொடி சரி சரி என்று வைத்துவிட்டு, தலைகூடத் துவட்டாமல் கடைக்குப் போனாள்.

கடைக்காரர் அவள் போனை வாங்கித் துழாவினார். தள்ளுபடி விளம்பரங்களுக்கு நடுவே அந்த மெசேஜ் திறக்கப்படாமல் கிடந்தது. கெடு முடிந்து மாதம் ஒன்றாகியிருந்தது. பிளான் தொடங்கவே இல்லை என்றார்.

அன்றைக்கு வீட்டில் துடித்ததே என்று கேட்டாள். போன் பக்கத்தில் இருந்ததால் அது வழியாகத் துடித்திருக்கும் என்றார்.

"அப்ப குளத்துல?"

"குளத்துல அது மணி காட்டியிருக்கும்மா."

இப்போதே போட்டுத் தருகிறேன், ஐந்து நிமிட வேலை என்றார். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்தாள். நாற்பத்தொரு நாள். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். கணக்கு டீச்சருக்குப் பெருக்காமல் இருக்க முடியவில்லை.

வீட்டில் தெய்வசிகாமணி நாளிதழ் விரித்து வைத்திருந்தார். அவள் நின்றுகொண்டே கேட்டாள். நான் குளத்தில் இருக்கும்போது எப்போதாவது கூப்பிட்டீர்களா?

அவர் நாளிதழை மடித்தார். ஒரு கையால் மடிப்பதால் கொஞ்ச நேரம் பிடித்தது.

மூன்று முறை என்றார். முதல் தடவை காப்பிப்பொடி டப்பாவின் மூடி திறக்கவில்லை. அழைத்தார். போன் பிரிட்ஜ் மேல் அடித்தது, அவள் எடுக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டு, டப்பாவை முழங்காலுக்கு நடுவே இடுக்கித் திறந்து, தானே காப்பி போட்டுக் குடித்தார். இரண்டாம் தடவை சட்டைப் பொத்தான். அதையும் போட்டுக்கொண்டார். மூன்றாவது என்னவென்று அவருக்கே மறந்துவிட்டது. அதற்குப் பிறகு அழைக்கவில்லை. மூன்று முறையும் அவள் போனை எடுத்து, தான் அழைத்த தடத்தை அழித்து, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். தங்கை அழைத்தபோது மாடியில் இருந்திருக்கிறார். கேட்கவில்லை.

"ஏன் அழிச்சீங்க?"

"நீ ஈரத் தலையோட உள்ள வர்றப்ப உன் மூஞ்சி எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது, கொடி. எனக்குத் தெரியும்."

அவள் உட்கார்ந்தாள்.

இன்னொன்றும் சொன்னார். அவள் வாட்ச் கட்டிப்போன முதல் நாளே நீச்சல் சொல்லித்தரும் பெண் அவருக்குப் போன் செய்திருக்கிறாள். சேரும்போது எழுதிக் கொடுத்த படிவத்தில் நம்பர் இருந்ததாம். ஐயா, எதுவானாலும் எனக்கு அடியுங்கள், நான் கரையில்தான் நிற்பேன், டீச்சரிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம் என்றாளாம். ஏன் என்று சொல்லவில்லையாம்.

மறுநாள் காலை பொற்கொடி உடை மாற்றவில்லை. கண்ணாடியையும் கழற்றவில்லை. புடவையோடு நேராகக் கரைக்கு வந்து நின்றாள். மற்றவர்கள் எதிர்ப்பக்கம் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

"உங்களுக்கு முதல் நாளே தெரியும்."

"தெரியும்," என்றாள் ரெஜினா. "இணைப்பு இல்லைன்னு அதுலயே பொடி எழுத்துல எழுதியிருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சாஞ்சிருப்பீங்களா?"

பொற்கொடி தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"அவருக்கு ஏதாவது ஆகியிருந்தா?"

ரெஜினா தன் டிராக் பேண்ட் பையிலிருந்து ஒரு போனை எடுத்துப் பெஞ்சில் வைத்தாள். திரையின் மேல் ஈரம் படாமலிருக்கப் பாலிதீன் உறை சுற்றியிருந்தது. உறை பழையதாகி, மூலைகள் கசங்கி வெளுத்திருந்தன.

பொற்கொடி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரும் வழியெல்லாம் சேர்த்துவைத்த சொற்கள் இருந்தன. அவற்றைச் சொல்லும் எண்ணம் போய்விட்டது. இன்றைக்கே பிளான் போட்டுவிடப்போவதாக மட்டும் சொன்னாள். ஐந்து நிமிட வேலைதானாம்.

"போடுங்க," என்றாள் ரெஜினா. "அதுக்கு முன்னாடி ஒரு தடவை இறங்குங்க."

உடை மாற்றி வந்து இறங்கினாள். இடுப்பளவு தண்ணீர். அதே இடம். கடிகாரம் கையில் இருந்தது. ரெஜினா கரையோரம் குந்தி உட்கார்ந்தாள்.

பொற்கொடி சாய்ந்தாள். கழுத்து விறைத்தது. காது தண்ணீரைத் தொட்டதும் தலை தானாகத் தூக்கிக்கொண்டது. இடுப்பு கீழே போனது. மூக்கில் தண்ணீர் ஏறியது. எழுந்து நின்று மறுபடி சாய்ந்தாள். மறுபடி முங்கினாள். மூன்றாம் முறை கால் தரையில் இடித்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் இருமினாள். ஏழு வாரமாகக் குளத்தின் அகலத்தைக் கடந்த உடம்பு முதல் நாள் போல நின்றது.

"பாத்தீங்களா மிஸ்," என்றாள். மூச்சு வாங்கியது. "அது இல்லாம என்னால முடியல."

ரெஜினா அவள் இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நேத்தும் அது இல்ல, டீச்சர்."

பொற்கொடி கம்பியைப் பிடித்தபடி அவளையே பார்த்தாள். பிறகு ஒவ்வொரு விரலாகக் கம்பியை விட்டாள்.