முப்பத்தேழு குழிகளும் ஓர் அலங்கும்

குறும்பாறைக் காட்டில் செதிலன் என்றோர் அலங்கு இருந்தது. உடம்பெல்லாம் செதில் போர்த்திய, மண் தோண்டுவதில் கெட்டிக்காரப் பிராணி. இந்த இனத்தை எறும்புத்தின்னி என்றும் சொல்வார்கள். ஆனால் சாப்பிடுவதை வைத்து ஒருவருக்குப் பெயரிடுவது மரியாதை அல்ல என்பது செதிலனின் கட்சி.

அந்தக் காட்டில் ஆறு கிடையாது. குடிப்பதெல்லாம் குழித் தண்ணீர்தான். மானுக்கு ஒன்று, மந்திக்கு ஒன்று, முள்ளம்பன்றிக்கு ஒன்று என ஒவ்வோர் இனமும் தனக்கென்று ஒரு குழி கேட்டு வாங்கிக்கொண்டது. மயில்கள் மட்டும் இரண்டு கேட்டன. கலங்கிய நீரில் தோகையின் நிழல் சரியாக விழவில்லையாம். இப்படிக் காட்டில் முப்பத்தேழு குழிகள். அத்தனையும் செதிலன் தோண்டியவை.

குழிகளுக்கு அடியில் சுரங்கங்கள் ஓடின. ஒரு குழி வற்றினால் இன்னொன்றிலிருந்து நீர் வர வேண்டுமல்லவா? சுரங்கத்தின் ஒவ்வொரு வாயையும் ஒரு கல் அடைத்திருந்தது. பன்னிரண்டாம் குழியை நிரப்ப வேண்டுமானால் முதலில் ஒன்பதின் கல்லை இறுக்க வேண்டும். பிறகு நான்கின் கல்லைப் பாதி உருட்ட வேண்டும். மாற்றிச் செய்தால் முயல் வளைகளில் வெள்ளம் புகும். ஒருமுறை புகுந்தும் இருக்கிறது.

இந்த வரிசை செதிலனுக்கு மட்டுமே தெரியும். யாராவது கேட்டால், "அதெல்லாம் சொன்னா புரியாது" என்று நடையைக் கட்டிவிடும். சொன்னால் புரிந்துவிடுமே என்பதுதான் அதன் பயம். அலங்குகள் பகலில் தூங்குபவை என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். செதிலனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. "செதிலண்ணே, குழி கலங்கிடுச்சு", "செதிலண்ணே, கல்லு சிக்கிடுச்சு" என்று யாராவது வந்து வளை வாயில் நின்றபடி இருப்பார்கள். அது முணுமுணுத்துக்கொண்டே போகும். உள்ளூர அதற்கு அப்படி ஒரு சந்தோஷம்.

மழை இரண்டு வருடம் பொய்த்தது. மூன்றாவது கோடையில் பாதிக் குழிகளில் சேறுதான் மிஞ்சியது.

அப்போது கீச்சி என்ற மைனா ஒரு செய்தி கொண்டுவந்தது. மலைமேல் பெரிய ஏரி ஒன்று இருக்கிறது. நீர்நாய்கள் அதன் கரையைப் பார்த்துக்கொள்கின்றன. ஏற்கெனவே மூன்று காடுகள் அங்கிருந்து வாய்க்கால் வெட்டிக் குடிக்கின்றன. வேண்டும்போது மடையைத் திறக்கலாம், வேண்டாதபோது மூடலாம், தோண்டவே வேண்டாம் என்றெல்லாம் அது மூச்சுவிடாமல் சொன்னது. காட்டுக்குத் தலைமை தாங்கிய திமிலி என்ற காட்டெருமை எல்லாரையும் கூட்டிக் கேட்டது. ஏரி நீர் வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

கூட்டம் கலைந்ததும் கீச்சி செதிலனின் தலைக்கு மேலே ஒரு கிளையில் வந்து உட்கார்ந்தது.

"அண்ணே, இனிமே உங்களுக்கு எறும்பு பிடிக்க நிறைய நேரம் இருக்கும்."

செதிலன் ஆபத்து வந்தால் அலங்குகள் செய்வதைச் செய்தது. வாலை முகத்தின்மேல் போட்டு உருண்டையாகச் சுருண்டுகொண்டது. ஒரு பகலும் ஓர் இரவும் அப்படியே கிடந்தது. தாகமெடுத்ததும்தான் எழுந்தது.

எழுந்த வேகத்தில் மலையேறியது. ஏரியில் ஏதாவது குற்றம் கண்டுபிடித்தே தீருவது என்பது அதன் திட்டம். கரை பலமாக இருந்தது. நீர் தெளிவாக இருந்தது. வழுக்கன் என்ற நீர்நாய் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டியது. கடைசியில் செதிலன், தன் காட்டில் எந்த இனம் எப்போது எவ்வளவு குடிக்கும் என்பது உங்களுக்குத் தெரியுமா என்று மடக்கியது.

"தெரியாதே" என்றது வழுக்கன், மீனை மென்றுகொண்டே. "ஏரியப் பாத்துக்கறது எங்க வேலை. உங்க காட்டு தாகம் உங்களுக்குத்தான தெரியும்? ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். தண்ணிய வீணாக்கினா மடைய மூடிடுவோம். மத்தவங்களும் குடிக்கணும்ல."

திரும்பி இறங்கும்போது செதிலனுக்கு ஒரு யோசனை வந்தது. வாய்க்காலைத் தானே வெட்டும். ஆனால் அந்த நீரை அதே முப்பத்தேழு குழிகளுக்குள், அதே சுரங்கங்கள் வழியாக, அதே கற்களை வைத்து விடும். நீர் புதிது, வழி பழையது. அப்படியென்றால் செதிலன் இல்லாமல் எதுவும் நடக்காது. தாங்கள் பழகிய குழியிலேயே குடிக்கலாம் என்றதும் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மயில்கள் தோகை விரித்தே காட்டின.

மடை திறந்த அன்றே வினை வந்தது. ஊறி வரும் நீருக்காகத் தோண்டிய சுரங்கங்கள் பாய்ந்து வரும் நீரைத் தாங்கவில்லை. கற்கள் உருண்டன. கீழ்க்குழிகள் பொங்கி மான்குட்டிகள் படுக்கும் இடம் சேறானது. மேட்டுக் குழிகளுக்குச் சொட்டு நீரும் ஏறவில்லை. செதிலன் ஒன்பதை இறுக்குவதற்குள் நான்கு பிய்த்துக்கொண்டது. மூன்று நாளாக ஏரியின் மட்டம் இறங்கியது. காடோ பாதி மூழ்கி, பாதி தாகத்தில் கிடந்தது.

நான்காம் நாள் வழுக்கன் வந்தது. இன்னும் ஐந்து நாளில் இந்த ஓட்டை ஒழுகல் நிற்காவிட்டால் குறும்பாறை மடையை மூடிவிடுவோம் என்று திமிலியிடம் சொல்லிவிட்டுப் போனது. பழைய குழிகள் சேற்றால் தூர்ந்துவிட்டன. ஏரியும் போனால் கோடை முடியும்வரை குடிக்க நீர் இல்லை. முதலில் சாவது குட்டிகள்தான். தாய் மான் ஒன்று செதிலனையே பார்த்துக்கொண்டு நின்றது.

"இவரைத் தூக்கிட்டு வேற ஆளைப் போடலாம்" என்றது கீச்சி.

"அந்தச் சுரங்கம் வேற யாருக்குத் தெரியும்?" என்றது திமிலி.

பத்து நாள் முன்பாக இருந்தால் இந்தக் கேள்வி செதிலனுக்குத் தேனாக இனித்திருக்கும். இப்போது அதன் வால் தானாக முகத்தை நோக்கி எழும்பியது. முதுகு வளையத் தொடங்கியது. செதிலன் வாலைத் தன் முன்னங்காலாலேயே மிதித்துப் பிடித்துக்கொண்டு பேசியது.

"எனக்கும் முழுசாத் தெரியாது. பதினோரு குழியில யார் குடிக்கிறாங்கன்னே தெரியாது. மூடினா என்ன ஆகுமோன்னு பயந்து தண்ணி விட்டுக்கிட்டே இருந்தேன். அஞ்சு நாள் இருக்கு. நாலு நாள் எனக்குக் குடுங்க."

திமிலி தலையசைத்தது. கீச்சியும் கூடவே இருக்கும் என்று மட்டும் சொன்னது.

செதிலன் செய்தது மிக எளிய காரியம். ஒவ்வொரு குழியாக அடைத்தது. அடைத்துவிட்டு, யார் வந்து கத்துகிறார்கள் என்று பார்த்தது. கத்தினால் அவர்களுக்கு வாய்க்கால் ஓரம் புதிதாகத் தோண்டிய பொதுத்தொட்டியில் இடம் ஒதுக்கிவிட்டு மூடியது. யாரும் கத்தாவிட்டால் அப்படியே மண்ணைத் தள்ளி மூடியது. கற்களின் வரிசையைக் கீச்சிக்கு உரக்கச் சொல்லிக்கொண்டே போனது. கீச்சி மறு நிமிடமே அதைக் காடெங்கும் பரப்பியது. ஒரு ரகசியத்தைக் காப்பதற்கு மைனாவைப் போல மோசமான பிராணி இல்லை. ஒரு ரகசியத்தை ஒழிக்க அதைப்போல நல்ல பிராணியும் இல்லை.

பத்தொன்பதாம் குழியை அடைத்தபோது யாருமே வரவில்லை. விசாரித்தால், அது செந்நாய்களுக்காகத் தோண்டியது. செந்நாய்கள் இந்தக் காட்டை விட்டுப் போய் ஏழு கோடை ஆகிறது. அந்தக் குழியைத்தான் செதிலன் மூன்று நாளுக்கு ஒருமுறை தூர்வாரி வந்தது. அதற்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. இருபத்தாறை அடைத்ததும் பெரிய கூச்சல் எழுந்தது. பார்த்தால் கீச்சி! அது அங்கே குடிப்பதில்லை. குழியின் விளிம்பில் உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவதுதான் வழக்கம். அதற்கு ஒரு கிளை போதும் என்று திமிலி தீர்ப்புச் சொன்னது.

நான்காம் நாள் மதியம் மிஞ்சியது ஒரே வாய்க்கால், ஒரே மடை, மூன்று தொட்டிகள். கரை வேலைக்காக ஏரி மடை சாத்தும் நாட்களுக்கென்று நல்ல ஊற்றுள்ள நான்காம் குழியை மட்டும் தூர்வாரி மூடி வைத்திருந்தார்கள். மற்ற முப்பத்தாறு குழிகளும் மண்ணுக்குள் போயின. ஆனாலும் வாய்க்காலில் கால்வாசி நீர் எங்கோ காணாமல் போனது.

"அண்ணே, கணக்கு உதைக்குதே" என்றது கீச்சி. மூன்று நாளாகக் கூடவே அலைந்ததில் அதன் குரலில் கேலி குறைந்திருந்தது.

செதிலன் காதைத் தரையில் வைத்துக் கேட்டது. பிறகு மெதுவாக நடந்தது. அடியில் நீர் ஓடும் சத்தம் அதன் சொந்த வளைக்கே போய்ச் சேர்ந்தது. வளைக்கு அடியில் முப்பத்தெட்டாவதாக ஒரு குழி இருந்தது. செதிலன் முதன்முதலில் தோண்டியது. அதில் குடிப்பது செதிலன் ஒன்றுதான். தன்னுடையது என்பதால் எண்ணிக்கையில் சேர்க்க அதற்கு ஒருபோதும் தோன்றவில்லை. காணாமல் போன நீர் முழுவதும் அந்த வழியாகத்தான் பாறை இடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது.

"இதை அடைச்சா யாரு கத்துவாங்க?" என்றது கீச்சி.

செதிலன் முன்னங்கால்களால் மண்ணை வாரித் தள்ளத் தொடங்கியது. யாரும் கத்தவில்லை.

ஐந்தாம் நாள் வழுக்கன் வந்து பார்த்தது. வாய்க்காலில் நீர் அளவாக, தெளிவாக ஓடியது. மடையை ஒரு முயல் திறந்தது. போதுமானதும் அதே முயல் மூடியது. வழுக்கன் தலையாட்டிவிட்டு மலையேறிப் போய்விட்டது.

"இப்ப எல்லாருக்கும் திறக்கத் தெரியுது. இனி உங்களுக்கு என்ன வேலை?" என்று கீச்சி மறுபடியும் கேட்டது. இந்த முறை உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டது.

"தெக்கால இருந்து யானைக் கூட்டம் ரெண்டு நாள்ல வருது, குட்டிகளோட" என்றது செதிலன். "அதுக்கு மூணு தொட்டி பத்தாது. எவ்வளவு வேணும், எப்பத் திறக்கணும், அன்னைக்கு மான் எங்க குடிக்கும்னு பாக்கணும். வழுக்கனுக்கு முன்கூட்டியே ஆள் அனுப்பணும். இதையெல்லாம் நான் எப்பவோ யோசிச்சிருக்கணும். தலை குழிக்குள்ளயே இருந்துச்சு."

பிறகு அதற்குத் தாகமெடுத்தது. பொதுத்தொட்டிக்குப் போனது. முன்னால் இரண்டு முள்ளம்பன்றிகளும் ஒரு தாய் மானும் நின்றன. மான் விலகி வழிவிடப் பார்த்தது. செதிலன் வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டது.

தனக்கு மட்டுமே தெரிந்த சிக்கலைக் காவல் காப்பவன் ஒருநாள் அந்தச் சிக்கலோடு சேர்ந்தே கழிக்கப்படுவான். அதைத் தன் கையாலேயே அவிழ்த்து எல்லாருக்கும் எளிதாக்குபவனுக்கு, அடுத்த வேலை எப்போதும் காத்திருக்கும்.