கொக்கின் வயிற்றில் ஒரு கவ்வி

தூத்துக்குடியில் பழைய சுவர்க் கடிகாரங்களைப் பிரித்து, அசையும் சிற்பம் செய்கிறவள் ஸ்டெல்லா. நாற்பது வயது. அவளிடம் கற்க வந்த அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு. வந்து ஒன்பது வருஷம். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று கண்காட்சிக்குப் புறப்பட நின்றது ஒரு பித்தளைக் கொக்கு. அருளப்பன் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தது. சாவி கொடுத்தால், டிக்குக்கு ஒரு அசைவாக நாள் முழுக்கச் சிறகடிக்கும். பீடத்தில் பெயர்த் தகடு. தகட்டில் ஸ்டெல்லாவின் பெயர்.

"இந்தத் தடவையும் உங்க பேருதானா டீச்சர்?"

"பட்டறை யாருது?"

"கொக்கு யாருது?"

"கொஞ்ச நாள் பொறுங்க. கை பக்குவப்படணும்."

"ஒன்பது வருஷமா ஊறுது. இது கையா, ஊறுகாயா?"

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. விறுவிறுவென்று கொக்கின் வயிற்றைத் திறந்தாள். உள்ளே, சக்கரத்தின் பற்களில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தது ஒரு சின்னக் கவ்வி. அதைக் கழற்றினாள்.

அருளப்பன் கை நீட்டுவதற்குள் சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. சிறகுகள் பேய் பிடித்தது போல அடித்துக்கொண்டன. ஒன்று பிய்ந்து சுவரில் மோதி விழுந்தது. ஸ்பிரிங் ஓடித் தீர்ந்தது.

"பாத்தீங்களா? பிடிச்சு நிறுத்த ஒண்ணு இல்லேன்னா இதுதான் கதி. உங்களுக்கு அந்தக் கவ்வி நான்தான்."

அருளப்பன் குனிந்து சிறகைப் பொறுக்கினார். வேரோடு ஒடிந்திருந்தது. அதை மேசையில் வைத்தார். அவள் கையிலிருந்த கவ்வியை வாங்கி, பழைய இடத்தில் பொருத்தினார். சாவி கொடுத்தார். வயிற்றுக்குள் தொங்கிய ஊசலைத் தட்டிவிட்டார்.

ஒற்றைச் சிறகு அசைந்தது. டிக். டிக்.

"கிட்ட வந்து பாருங்க டீச்சர். பல்லைப் பிடிக்குதா?"

"பிடிக்குது."

"பிடிச்சிட்டு?"

ஸ்டெல்லா பார்த்தாள். ஒரு பல் நின்றது, போனது. அடுத்தது நின்றது, போனது. எத்தனையோ கடிகாரங்களைப் பிரித்தவள். அன்றுதான் பார்ப்பவள் போலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"விட்டுடுது," என்றாள்.

பிறகு திருப்புளியை எடுத்து, பீடத்துத் தகட்டைக் கழற்றப் போனாள். அருளப்பன் அவள் கைக்குக் குறுக்கே கையை வைத்தார்.

"அது அப்படியே இருக்கட்டும் டீச்சர். ஒடிஞ்ச பெறகுதான் என் பேரா?"