நட்டதும் பூத்ததும்

நடுதல் என்ற சொல் செடிகொடிகளுக்கே உரியது என்று பெரியவர்களும் சிறியவர்களும் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இந்தப் பெரும்பிழை இனியும் தொடரக் கூடாது. நாற்றையும் நடுகிறோம், கம்பத்தையும் நடுகிறோம், கல்லையும் நடுகிறோம். இலக்கணம் எதையும் தடுப்பதில்லை. இலக்கணம் சும்மா இருந்துவிட்டதால் ஒரு மனிதன் தலைகுனிந்த கதை இது. நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து கேளுங்கள்.

கப்பலில் குதிரைகள் வந்திறங்கிய காலத்தில், ஒரு துறைமுக நகரத்தில் சேந்தன் என்ற குதிரை வணிகன் இருந்தான். போன தேசமெல்லாம் அரசர்களின் பூங்காக்களைக் கண்டு வந்தவன். தன் வீட்டுப் பின்புறத்து மண்தரையைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குக் கூச்சமாக இருந்தது.

“கிணற்றடியில் ஒரு முல்லை நடலாமே” என்றாள் அவன் மனைவி நாச்சி. கிணற்றடியில் முல்லைக்கொடி செதுக்கிய தூண் ஒன்றை நட்டான்.

“மதிலோரம் ஒரு செம்பருத்தி நடலாமே” என்றாள். மதிலோரம் கல் யானைகளை வரிசையாக நட்டான்.

“நடுவிலாவது ஒரு நந்தியாவட்டை?” என்றாள். நடுவில் தொட்டி கட்டி, அதில் கல் தாமரை ஒன்றை நட்டான். மிஞ்சிய இடமெல்லாம் தளக்கல் பாவினான்.

“நடச் சொன்னாய், நட்டுவிட்டேன். சொல்லில் பிழை இருந்தால் காட்டு” என்றான்.

“சொல்லில் ஒரு பிழையும் இல்லை. உச்சி வெயிலில் வெறுங்காலோடு ஒரு நடை போய்த்தான் பாருங்களேன்.”

சேந்தன் போகவில்லை. உச்சி வெயிலில் அங்கே காக்கைகூட இறங்குவதில்லை.

அவர்களுக்குக் குழலி என்று ஒரே மகள். அவளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடி வந்தது. பூ வைக்க நாள் குறித்தார்கள். அந்த நகரத்து வழக்கப்படி, பெண் வீட்டு மண்ணில் பூத்த பூவை மாப்பிள்ளையின் தாய் தன் கையால் பறித்துப் பெண்ணுக்குச் சூட்ட வேண்டும். கடைப்பூ ஆகாது, இரவல் பூ ஆகாது, பிறர் பறித்துக் கொடுத்த பூவும் ஆகாது. பூ வைக்காவிட்டால் திருமணப் பேச்சு அத்தோடு முடிந்தது.

சேந்தனோ தோட்டத்தைக் காட்டும் ஆசையில் வழக்கத்தையே மறந்திருந்தான்.

மாப்பிள்ளையின் தாய் உலகநங்கை வந்தாள். சுடுகல்லில் கால் மாற்றி மாற்றி நடந்தாள். தூணைத் தொட்டாள், அது கல். மதிலோரம் பார்த்தாள், அதுவும் கல். தொட்டிக்குள் குனிந்து தாமரையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை.

“இங்கே நட்டது ஒன்றா இரண்டா! எல்லாம் என் திட்டம்” என்றான் சேந்தன்.

“நிறையத்தான் நட்டிருக்கிறீர்கள், சம்பந்தி. இதில் பூத்தது எது?”

கூட வந்த பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். உள்ளே அலங்காரத்தோடு உட்கார்ந்திருந்த குழலிக்கு அந்தச் சிரிப்பு கேட்டிருக்கும் என்பது சேந்தனுக்குத் தெரிந்தது. அவனுக்குக் காதுமடல் சுட்டது. கால் சுட்டது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

உலகநங்கை நல்லவள். “அடுத்த ஆண்டு கார்காலத்தில் வருகிறோம். ஒரு பூவாவது பூக்கட்டும்” என்று சொல்லிப் போனாள்.

அன்றே சேந்தன் நட்டதையெல்லாம் பிடுங்கினான்.

“தூணை விடுங்கள், முல்லை எதில் ஏறும்?” என்றாள் நாச்சி. “நடுவில் ஒரு வரிசைக் கல்லை விடுங்கள், மழையில் எங்கே கால் வைப்பது?”

“இந்த வீட்டில் கல் என்ற பேச்சே எடுக்காதே.”

வெட்கப்பட்டவன் அளவு பார்ப்பதில்லை. பிடுங்கிய தளக்கற்களை மதிலோரம் அடுக்கிவிட்டு, கைக்குக் கிடைத்த செடியையெல்லாம் கைக்குக் கிடைத்த இடத்தில் நட்டான். கார்காலம் வந்தது. செடிகள் புதராகின, மண் சேறாகியது. ஏற இடமில்லாத முல்லை தரையிலேயே ஊர்ந்து ஊர்ந்து தோட்டத்தின் மறுகோடிக்குப் போய், அங்கே வெள்ளை வெளேரென்று பூத்தது.

உலகநங்கை வந்தாள். பூவைக் கண்டு முகம் மலர்ந்தாள். ஓரடி வைத்தாள், கணுக்கால் புதைந்தது. ஈரடி வைத்தாள், முழங்கால் புதைந்தது. மூன்றாம் அடியில் பட்டுச் சேலையோடு சேற்றில் உட்கார்ந்தாள். இந்த முறை எந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. சேந்தனுக்கு அதுதான் தாங்கவில்லை.

“அசையாதீர்கள், பூவை நானே பறித்துத் தருகிறேன்” என்று ஓடி வந்தான்.

“என் கையால் பறிக்க வேண்டும்,” என்றாள் அவள். கொஞ்சம் நிறுத்தி, “வணிகரே” என்றாள்.

அந்த ஒரு சொல்லில் சம்பந்தம் முறியப் பார்த்தது எல்லோருக்கும் விளங்கியது. சேந்தன் சேற்றையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அப்போது குழலி வெளியே வந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மதிலோரம் போனாள். ஒரு தளக்கல்லைச் சேற்றில் இழுத்து வந்து போட்டாள். தாயும் கைகொடுக்க, இன்னொன்றைப் போட்டாள். அதற்கப்பால் இன்னொன்று.

“ஏறி வாருங்கள், அத்தை. ஒவ்வொரு கல்லாகப் போட்டுக்கொண்டே போகிறேன்.”

உலகநங்கை எழுந்து, ஒரு கல்லிலிருந்து மறு கல்லுக்குக் கால் வைத்து, முல்லையிடம் போய்ச் சேர்ந்தாள். தன் கையால் பறித்தாள். முழங்கை வரை சேறு பூசி நின்ற குழலியின் தலையில் அங்கேயே பூ வைத்தாள். “செடிக்குப் போக வழி வேண்டும் என்று இந்த வீட்டில் ஒருத்திக்காவது தெரிந்திருக்கிறதே” என்றாள்.

அந்தப் பெருமையில் நாச்சிக்கும் பங்கு உண்டு என்று சொல்ல வாயெடுத்த சேந்தன், யார் பேச்சைக் கேளாததால் இந்த நிலை வந்தது என்பதும் கூடவே வெளிவரும் என்று கண்டு வாயை மூடிக்கொண்டான்.

கால் வைக்கக் கல்லும் கண் வைக்கச் செடியும் அளவோடு சேர்ந்தால்தான் தோட்டம். ஒன்றுக்காக மற்றொன்றைத் துரத்துகிறவன் இரண்டாலும் வெட்கப்படுவான்.

தை மாதம் திருமணம் நடந்தது. தோட்டத்தைப் பார்க்கலாமா என்று கேட்ட விருந்தினரையெல்லாம் சேந்தன் நாச்சியிடம் அனுப்பிவைத்தான்.