கரடிக்குக் கிடைத்த ராஜா சீட்டு

ஈச்சங்காட்டில் அந்த வருஷம் கடும் கோடை. ஓடைகள் வற்றிவிட்டன. மிஞ்சியது ஒரே ஒரு குளம். அதுவும் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே வந்தது. முதலில் போனவர்களுக்குத் தெளிந்த தண்ணீர் கிடைத்தது. கடைசியில் போனவர்களுக்கு வெறும் சேறுதான். அதனால் தினமும் காலையில் குளக்கரையில் ஒரே தள்ளுமுள்ளு!

அந்தச் சமயத்தில் காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த சிலர், ஒரு சீட்டுக்கட்டை நாவல் மரத்தடியில் மறந்துவிட்டுப் போனார்கள். அதை ஒரு குரங்கு எடுத்தது. நெடுஞ்சாலை டீக்கடைக் கூரையில் நாலு வருஷம் குடியிருந்த குரங்கு அது. கீழே லாரிக்காரர்கள் சீட்டாடுவதைப் பார்த்துப் பார்த்து எல்லா ஆட்டமும் அதற்கு அத்துப்படி.

“ஏன் அடித்துக்கொள்கிறீர்கள்? ஆளுக்கொரு சீட்டு எடுங்கள். பெரிய சீட்டு வைத்திருப்பவர் முதலில் குடிக்கட்டும்!” என்றது குரங்கு.

எல்லோரும் எடுத்தார்கள். கரடிக்கு ராஜா வந்தது. நரிக்கு ஜாக்கி. காட்டுப்பன்றிக்கு ஒன்பது. மூன்று குட்டிகளோடு வந்த முயலுக்கு இரண்டு. ராஜாவுக்கு மேலே ஆஸ் உண்டு. ஆனால் நாலு ஆஸும் அந்தச் சீட்டுக்கட்டில் இல்லை. ஆடியவர்களில் ஒருவருடைய சட்டைக் கைக்குள் அவை ஊருக்குப் போய்விட்டன.

“ராஜாதான் பெரிசு. பிறகு ராணி, ஜாக்கி, பத்து, ஒன்பது என்று இறங்கும். இரண்டு கடைசி. இந்த ஆட்டத்துக்குக் ‘கழுதை’ என்று பெயர்” என்றது குரங்கு.

“பெயர்தான் சரியில்லை. மற்றபடி அருமையான ஆட்டம்!” என்றது கரடி.

மறுநாளிலிருந்து கரடியின் நடையே மாறிவிட்டது. சீட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரும். வயிறு முட்டக் குடிக்கும். குடித்த பிறகு குளத்தில் இறங்கி நிதானமாகக் கால் கழுவும்.

“மகாராஜா, உங்கள் பாதம் பட்ட தண்ணீர் என்னமாய் இனிக்கிறது!” என்று நரி வாலை ஆட்டியது.

“இனிக்காமல் என்ன செய்யும்?” என்றது கரடி.

முயலின் முறை வருவதற்குள் வெயில் ஏறிவிடும். சேற்றை நக்கி நக்கிக் குட்டிகளின் நாக்கு வெடித்துப் போயிற்று.

பத்து நாள் கழிந்தது. நரிக்கு வாலாட்டி அலுத்துவிட்டது. அது காட்டுப்பன்றியைக் கூட்டிக்கொண்டு குரங்கிடம் போனது.

“அண்ணே, ஜாக்கியும் ஒன்பதும் உசத்தியாக இருக்கிற ஆட்டம் ஏதும் கிடையாதா?”

குரங்கு தலையைச் சொறிந்தது. “பசியில் ஒன்றும் ஞாபகம் வரவில்லையே!”

காட்டுப்பன்றி ஒரு குவியல் கிழங்கைத் தோண்டி வந்து போட்டது. குரங்குக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் அது மரத்தின் மேலிருந்து கூவியது. “கழுதை ஆட்டம் முடிந்தது! இன்று முதல் ‘முன்னூற்று நாலு’ ஆட்டம்! இதில் ஜாக்கிதான் தலைவன். அடுத்தது ஒன்பது. பிறகு ஆஸ், பத்து. அதற்கும் பின்னால்தான் ராஜா!”

கரடி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “கிரீடம் அப்படியேதானே இருக்கிறது?”

“கிரீடம் இருக்கிறது. மதிப்புத்தான் இல்லை. தள்ளி நில்லும் ஐயா, ஜாக்கி வருகிறேன்!” என்றது நரி. நேற்றுவரை ‘மகாராஜா’ என்ற அதே வாய்!

முயல் ஆசையோடு முன்னே வந்தது. “அண்ணே, எல்லாம் தலைகீழாக மாறிவிட்டதே. இரண்டுக்கு இப்போது எந்த இடம்?”

“இரண்டா? முன்னூற்று நாலில் இரண்டைச் சேர்க்கவே மாட்டார்கள் அம்மா. முதலிலேயே பொறுக்கித் தனியாக வைத்துவிடுவார்கள்.”

“அப்படியானால் என் குட்டிகளுக்குத் தண்ணீர்?”

“அது ஆட்டத்தில் வராது” என்றது குரங்கு. அடுத்த கிழங்கை எடுத்துக் கடித்தது.

கரடியா சும்மா இருக்கும்? அன்று மத்தியானமே பெரிய தேனடை ஒன்றைக் கொண்டுபோய்க் குரங்கின் காலடியில் வைத்தது. “நாளைக்குக் கழுதை!” என்று குரங்கு வாக்குக் கொடுத்தது. சாயங்காலம் காட்டுப்பன்றி இன்னொரு குவியல் கிழங்கு கொண்டுவந்தது. “நாளைக்கும் முன்னூற்று நாலுதான்!” என்று அதற்கும் வாக்குக் கொடுத்தது.

விடிந்தது. கரடியும் நரியும் ஒரே நேரத்தில் குளத்தருகே வந்தன.

“ராஜா முதலில்!”

“ஜாக்கி முதலில்!”

“இன்று கழுதை!”

“நீதான் கழுதை!”

கரடி அறைந்தது. நரி கடித்தது. காட்டுப்பன்றி இருவரையும் முட்டியது. ஆளுக்கொரு கட்சியாக மற்ற மிருகங்களும் சேர்ந்துகொண்டன. ஒரு சொட்டுத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. யாரையும் குடிக்க விடவும் இல்லை.

அப்போது அடுத்த மலையிலிருந்து ஒரு காட்டெருமைக் கூட்டம் வந்தது. அங்கே தண்ணீர் அடியோடு தீர்ந்துவிட்டதாம். கூட்டம் நேராகக் குளத்தை நோக்கி நடந்தது.

கரடி பாய்ந்து போய்க் குறுக்கே நின்றது. “நில்லுங்கள்! இதைப் பார்த்தீர்களா? ராஜா!”

முன்னால் வந்த பெரிய எருமை சீட்டை முகர்ந்தது. நாக்கை நீட்டி உள்ளே இழுத்தது. நிதானமாக மென்று விழுங்கியது.

“உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. வேறு இலை இருக்கிறதா?” என்று கேட்டது.

நரி தன் சீட்டைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டது.

முயல் கையிலிருந்த இரண்டைக் கீழே போட்டது. ஓடிப்போய் எருமையின் காலருகே நின்றது. “அக்கா, நாங்களும் வரலாமா?”

“தாகமா?”

“ஆமாம் அக்கா.”

“அப்புறம் என்ன கேள்வி? வா!”

எருமைகளின் கால்களுக்கு நடுவே புகுந்து முயலும் மூன்று குட்டிகளும் தெளிந்த தண்ணீரைக் குடித்தன. எருமைகள் குடித்துப் புரண்டு எழுந்து போனபோது குளத்தில் சேறுதான் இருந்தது. தேனும் கிழங்கும் தின்று தொண்டை வறண்ட குரங்கு, மரத்தைவிட்டு இறங்கி வந்து அந்தச் சேற்றில் வாய் வைத்தது.

கரடி வெறுங்கையைப் பார்த்தபடி நின்றது. “நரியே, இப்போது நான் யார்?”

“சேறு குடிக்கிற கரடி. கொஞ்சம் நகரு, நானும் குடிக்க வேண்டும்!” என்றது நரி.

யாரோ வகுத்த ஆட்டத்தில் கைக்கு வந்த பெருமையைத் தன்னுடைய பெருமை என்று நம்பித் துள்ளுகிறவன், அந்த ஆட்டத்தை அறியாதவர்களின் முன்னால் ஒன்றுமில்லாதவனாகி நிற்பான்.