வேலிக்குள் போன இஞ்சி

கரடி தேனப்பனுக்கு இருமல் வந்தது. குகைக்குள் படுத்து இருமினான். சுனைக்கரையில் உட்கார்ந்து இருமினான். ஆறு நாள் இப்படிப் போயிற்று. ஏழாம் நாள் சரிவுக்குப் போய் இரண்டு துண்டு இஞ்சியைத் தோண்டி, தேனில் தோய்த்துத் தின்றான். மறுநாளும் தின்றான். இருமல் போய்விட்டது.

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அந்தச் சரிவு எப்படி என்று சொல்லிவிடுகிறேன். மலைக்காட்டுக்கு நடுவில் ஒரு சுனை. சுனைக்கு மேலே சரிவு. பலாமரத்தில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். மரத்தடியில் இஞ்சியும் மஞ்சளும். ஓரத்தில் கறிவேப்பிலை, நெல்லி, கொஞ்சம் திப்பிலி. யாரும் நட்டதில்லை. எல்லோரும் தின்றார்கள்.

அணில்கள் பலாச்சுளையைத் தின்றுவிட்டுப் பச்சை மிளகை ஒரு கடி கடிக்கும். இனிப்புக்கு மேலே காரம். மான்கள் போகிற போக்கில் கறிவேப்பிலையை உருவும். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதற்காகவே குட்டிகள் மரத்துக்கும் சுனைக்குமாக ஓடிக்கொண்டிருக்கும். காட்டுப்பன்றி கோரன் வயிறு முட்டக் கிழங்கு தின்பான். பிறகு மூக்கால் மண்ணைக் கிளறி ஒரு துண்டு இஞ்சி மெல்லுவான். பெரிதாக ஓர் ஏப்பம் விடுவான்.

உடம்புக்கு நல்லது என்று ஒருவரும் தின்னவில்லை. ருசிக்காகத் தின்றார்கள். நல்லது அதுபாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

இந்தக் கதையில் நரியைத் தேடாதீர்கள். நரி கிடையாது. ஏமாற்றுகிறவன் ஒருவன்கூடக் கிடையாது. தேனப்பன் நல்லவன். உயிர் பிழைத்தவனுக்கு நன்றி பொங்கியது. அதுதான் வினை.

எல்லோரையும் பலாமரத்தடிக்கு வரச் சொன்னான். தான் இருமிய கதையைச் சொன்னான். பிழைத்த கதையைச் சொன்னான். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

"இது உயிர் காக்கிற மருந்து. இதைப் போய் நாம கண்ட தீனி மாதிரித் தின்னுக்கிட்டு இருக்கோமே. கூசலையா?" என்று கேட்டான்.

எல்லோருக்கும் கூசிவிட்டது. ஓர் அணில் வாயிலிருந்த மிளகைத் துப்பி, துடைத்து, கொடியடியிலேயே வைத்தது.

கோரனுக்கு மட்டும் கூசவில்லை.

"அண்ணே, நான் தினம் இஞ்சி திங்கிறேன். எனக்கு இருமல் வந்ததில்லை. நீங்க தேனைத் தவிர வேற எதையும் வாயில வைக்கிறதில்லை. உங்களுக்குத்தான் வந்துச்சு. இதுல என்ன தெரியுது?"

"உனக்கு மரியாதை தெரியலைன்னு தெரியுது" என்றான் தேனப்பன்.

குட்டிகள் சிரித்தன. கோரன் விடவில்லை. மூக்கால் கிளறும்போது உடைந்து விழுகிற துண்டுதான் மறு வருஷம் முளைக்கிறது, கிளறாமல் விட்டால் மண் இறுகி இஞ்சி செத்துப்போகும் என்றான். அவன் சொன்னது உண்மை. ஆனால் சேறு அப்பிய மூக்கோடு சொன்னான். யார் கேட்பார்கள்? வயிற்றுக்காகப் பேசுகிறான் என்றார்கள்.

"வயித்துக்காகத்தான் பேசறேன். வேற எதுக்குப் பேசணும்?" என்றான் கோரன். அன்றே மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டான். பிறகு அவன் வரவேயில்லை.

சரிவைச் சுற்றி இண்டு முள்ளால் வேலி போட்டார்கள். காவலுக்கு முள்ளம்பன்றி ஊசிமுத்துவை வைத்தார்கள். அவன் நாணயமானவன். உடம்பெல்லாம் முள் வேறு. அவன் உதிர்த்த முட்களையும் வேலியில் செருகிக்கொண்டார்கள்.

சட்டம் எளிது. நோய் வந்தவருக்கு மட்டும் மருந்து. நோய் உண்மைதானா என்று தெரிய மூன்று நாள் பொறுக்க வேண்டும். பிறகு எல்லோரும் பலாமரத்தடியில் கூடி, மருந்தின் பெருமையை முழுவதும் சொல்ல வேண்டும். அதன்பிறகு நகக்கண் அளவு தரப்படும். தேனப்பன் தருவான்.

பெருமை என்றால் இதுதான். இஞ்சி இருமலை விரட்டும். மிளகு சளியை அறுக்கும். மஞ்சள் புண்ணை ஆற்றும். கறிவேப்பிலை கண்ணுக்கு ஒளி. நெல்லி ஆயுளுக்குத் துணை. இப்படி நாற்பது வரி. குட்டிகள் பால் மறந்ததும் இதைத்தான் முதலில் படித்தன. படித்தன, அவ்வளவுதான். வேலிக்கு உள்ளே இருப்பது இனிக்குமா, கசக்குமா என்று ஒரு குட்டிக்கும் தெரியாது.

நான்கு மழைக்காலம் போயிற்று.

கிளற ஆளில்லாமல் மண் இறுகியது. இஞ்சி விரல் பருமனாகி, பிறகு வேர் பருமனாகியது. மிளகுப் பழத்தைத் தின்று அங்கங்கே எச்சமிட்டுப் புதுக்கொடி வளர்த்த பறவைகளும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. பழைய கொடி பாதி காய்ந்துவிட்டது. தேனப்பன் பார்த்தான். மருந்து அரிதாகிக்கொண்டே வருகிறது, இன்னும் பத்திரமாகக் காக்க வேண்டும் என்று சொல்லி, இரண்டாவது வேலி போட வைத்தான்.

காட்டில் இருமலும் கூடியது. முன்பெல்லாம் மழைக்காலத்தில் ஒருவர், இருவர் இருமுவார்கள். இப்போது சுனைக்கரையில் தண்ணீர் குடிக்கிற சத்தத்தைவிட இருமுகிற சத்தம்தான் அதிகம். நோய் இப்படிப் பெருகுகிற காலத்தில் நல்லவேளை மருந்தைப் பத்திரப்படுத்தினோம் என்று பேசிக்கொண்டார்கள்.

ஊசிமுத்துவுக்கு ஒரே மகள். பெயர் அரும்பு. வேலி போட்ட மறுவருஷம் பிறந்தவள். முள் இன்னும் முற்றவில்லை. நாற்பது வரியையும் மூச்சு விடாமல் சொல்லக்கூடியவள் அந்தக் காட்டில் அவள் ஒருத்திதான். அவள் சொல்லும்போது தேனப்பன் கண்ணை மூடித் தலையாட்டுவான். ஊசிமுத்து வேறெங்கோ பார்ப்பதுபோல் நிற்பான். பெருமை தாங்காமல் முள்ளெல்லாம் நடுங்கும்.

ஐப்பசி மழையில் அரும்பு நனைந்தாள். இருமல் வந்தது. முதல் நாள் ஓடி ஆடிக்கொண்டே இருமினாள். இரண்டாம் நாள் எழுந்திருக்கவில்லை. நெஞ்சு விசில் அடித்தது.

தாய் சிலும்பாயி வேலிக்கு ஓடி வந்தாள். ஊசிமுத்து காவல் நின்றுகொண்டிருந்தான்.

"ஏங்க, பிள்ளைக்கு மூச்சு இழுக்குது. ஒரு துண்டு எடுத்துக்கிட்டு வாங்க."

அவன் மூன்று நாள் ஆகவில்லை என்றான்.

"கையை நீட்டினா எட்டுது. யாரு பார்க்கப் போறா?"

"நான் பார்ப்பேனே" என்றான் ஊசிமுத்து. காவல்காரன் வீட்டுக்கு ஒரு சட்டம், மற்றவர்களுக்கு ஒரு சட்டமா என்று கேட்டான். போன மாதம் ஒரு மானுடைய குட்டிக்கு மூன்று நாள் ஆகவில்லை என்று தானே திருப்பி அனுப்பியதைச் சொன்னான். அந்தக் குட்டி என்ன ஆயிற்று என்று சிலும்பாயி கேட்டாள். அவன் வேலியில் சாய்ந்திருந்த ஒரு முள்ளை நேராகச் செருகினான்.

அவள் அவனைத் தள்ளிக்கொண்டு வேலிக்குள் தலையை விட்டாள்.

காவலுக்கு வந்த நான்கு வருஷத்தில் ஊசிமுத்து யார்மீதும் முள்ளைச் சிலிர்த்ததில்லை. யாரும் அவ்வளவு தூரம் வந்ததில்லை. அன்று சிலிர்த்தான். பெண்டாட்டியைப் பார்த்துச் சிலிர்த்தான்.

சிலும்பாயி பின்னால் நகர்ந்தாள். சண்டை போடவில்லை. ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். பிறகு வளைக்குத் திரும்பிப் போனாள்.

மூன்றாம் நாள் வந்தது. எல்லோரும் பலாமரத்தடியில் கூடினார்கள். ஊசிமுத்துவால் மகளை முதுகில் வைத்துக் கொண்டுவர முடியாது, முள் குத்தும். இழுத்தும் தள்ளியும் கொண்டுவந்து சேர்த்தான். சிலும்பாயி கூடவே வந்தாள்.

பெருமை சொல்லத் தொடங்கினார்கள். பன்னிரண்டாம் வரியில் ஒரு கிழ மான் தடுமாறியது. முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்றான் தேனப்பன். தப்பாகச் சொன்னால் மருந்துக்கு மரியாதை இல்லையாம். மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள். நடுநடுவே ஆளுக்கு ஆள் இருமல் வேறு. நாற்பது வரி முடியும்போது உச்சி வெயில் சாய்ந்துவிட்டது.

தேனப்பன் உள்ளே போய் மண்ணைத் தோண்டினான். கல் மாதிரி இருந்தது மண். வெகுநேரம் கழித்து நார் நாராக, சுருங்கிப்போன ஒரு துண்டு கிடைத்தது. நகக்கண் அளவு கொடு என்று சட்டம். அவன் முழுத் துண்டையும் கொடுத்தான். சொன்னேனே, நல்லவன். தேனும் கொடுத்தான்.

ஊசிமுத்து அதை நசுக்கி, தேனில் தோய்த்து, மகள் வாயில் வைத்தான்.

அரும்பு துப்பிவிட்டாள்.

"எரியுதப்பா."

அப்படித்தான் இருக்கும், விழுங்கிவிடு என்றான். மறுபடி வைத்தான். மறுபடி துப்பினாள். பால், பழம், புல்லின் குருத்து. இவ்வளவுதான் அந்த நாக்குக்குத் தெரியும். இளம் இஞ்சி என்றாலாவது பரவாயில்லை. இது மண்ணுக்குள் கிடந்து முற்றி, காரம் மட்டும் மிஞ்சிய இஞ்சி. நெருப்பு பட்டதுபோல் வாயை இறுக்க மூடிக்கொண்டாள். தேனை மட்டும் தா என்று ஜாடை காட்டினாள்.

ஊசிமுத்து கெஞ்சினான். அந்தக் காட்டில் அவன் கெஞ்சி யாரும் பார்த்ததில்லை.

"அம்மாடி, இது என்னன்னு உனக்குத் தெரியாதா? உன்னை மாதிரி இதோட பெருமையை யாரு சொல்லுவா? ஒரு வாய் தின்னுடும்மா."

அரும்பு வாயைக் கொஞ்சம் திறந்தாள்.

"சொல்லத் தெரியும்ப்பா. திங்கத் தெரியலை."

பொழுது சாயுமுன் இருமல் நின்றது. மூச்சும் நின்றது.

தேனப்பன் அழுதான். உண்மையாகவே அழுதான். அழுது முடித்து, கடைசி நேரத்தில் மருந்து கிடைத்தும் அந்தக் குழந்தைக்குக் கொடுத்துவைக்கவில்லை என்றான். பெருமையில் இன்னும் பத்து வரி சேர்க்க வேண்டும் என்றும் சொன்னான். எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஊசிமுத்து எழுந்தான். வேலியைப் பிடுங்க ஆரம்பித்தான். வெளி வேலியைப் பிடுங்கினான். உள் வேலியைப் பிடுங்கினான். வாயெல்லாம் இண்டு முள் கிழித்து ரத்தம். யாரும் தடுக்கவில்லை. அவ்வளவு பெரிய துக்கத்தில் இருப்பவனை எப்படித் தடுப்பது?

"வாங்க. எல்லாரும் உள்ளே வாங்க. பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து தின்னுங்க" என்றான்.

ஒருவரும் நகரவில்லை. வேலி இருந்த இடத்தில் வரிசையாக நின்றார்கள். ஓர் அணில்குஞ்சு காலைத் தூக்கி உள்ளே வைக்கப் போனது. தாய் வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். போகும்போது இருமிக்கொண்டே போனார்கள்.

சிலும்பாயியும் போய்விட்டாள். எந்தப் பக்கம் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை.

ஊசிமுத்து மட்டும் உள்ளே போனான். மண்ணைப் பிறாண்டிப் பிறாண்டி ஒரு வேர்த்துண்டு எடுத்தான். வாயில் போட்டு மென்றான். நான்கு வருஷம் அதன் பக்கத்திலேயே நின்றவன், ஒரு நாளும் தொடாதவன். அவனுக்கும் தொண்டையில் இறங்கவில்லை. துப்பிவிட்டு அங்கேயே உட்கார்ந்தான்.

தினம் தின்று ருசிக்க வேண்டியதை எட்டாத இடத்தில் வைத்துக் கும்பிடுகிறவர்களுக்கு, அது உணவாகவும் உதவாது, மருந்தாகவும் உதவாது.