வாயால் அடைத்த கடன்

எங்கள் ஊர் மேளத்தை எவனாவது இளக்காரமாகப் பேசினால் இந்தக் கதையைத்தான் சொல்லுவோம்.

மிராசுதார் வைத்தியலிங்கத்துக்குத் தன் தமிழ்மேல் தலைகொள்ளாத கர்வம். மூத்த மகள் கல்யாணத்துக்கு வாசித்த தவில்காரர் ஏகாம்பரத்துக்கு இரண்டு மூட்டை நெல் பாக்கி. கேட்கப் போனால் ஊஞ்சலை விட்டு இறங்காமலே சொல்வார்:

"கடனைத் திருப்பிக் கொடுக்கறதுக்குத் தமிழ்ல எத்தனை சொல், பாத்தியா? தீர்த்தல், அடைத்தல், செலுத்துதல், இறுத்தல்! எனக்குத் தெரியாத அஞ்சாவது சொல்லைக் கொண்டு வா, நெல்லை எடுத்துக்கிட்டுப் போ."

ஏகாம்பரம் வெறுங்கையோடு திரும்பிவிடுவார்.

இளைய மகளுக்கும் கல்யாணம் வந்தது. ஊருக்கு ஒரே மேளம், ஏகாம்பரம்தான் வாசிக்க வந்தார். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயர் கத்தினார். தவில் சத்தம் வரவில்லை. மேளமில்லாமல் எப்படிக் கட்டுவது? தாலி அந்தரத்திலேயே நின்றது. சம்பந்தி முறைத்தார்.

"என்னய்யா, வாசி!" என்று மிராசுதார் பதறினார்.

ஏகாம்பரம் எழுந்து, பந்தல் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்:

"கொட்டுதல், முழக்குதல், அறைதல், வாசித்தல். நாலு சொல் சொல்லிட்டேங்க. ரெண்டு மூட்டை நெல்லுக்கு நீங்க எனக்குக் கொடுத்ததும் நாலு சொல்தான். தாலியைக் கட்டச் சொல்லுங்க."

பந்தலே சிரித்தது. சம்பந்தியும் சிரித்துவிட்டார். மிராசுதார் முகம் சுண்டிப்போய்க் களஞ்சியத்துக்கு ஆளை விரட்டினார். இரண்டு மூட்டையும் ஏகாம்பரத்தின் முன்னால் தொம் தொம்மென்று வந்து விழுந்தன.

"தொம்முன்னு விழுந்த சத்தம் கேட்டீங்களா? அஞ்சாவது சொல் இதுதாங்க" என்றார் ஏகாம்பரம்.

அப்புறம் அடித்தார் பாருங்கள் கெட்டிமேளம், பந்தக்கால் அதிர்ந்தது!